லைசன்ஸில் என் பெயர்

இனி எவன் கீழேயும் கைகட்டி நிற்பதில்லை என்று போன ஆடிப் பதினெட்டு அன்று முடிவெடுத்தேன். பதினாலு வருஷமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வயர் இழுத்தவன் நான். வேலை என்னுடையது. போர்டில் பெயர் மட்டும் கான்ட்ராக்டர் பாண்டித்துரையுடையது. ஏன்? லைசன்ஸ் அவரிடம் இருக்கிறது. சரி, நாமும் ஒன்று எடுப்போம். முதலிபாளையத்தில் ஓர் அறை பிடிப்போம். 'ஜெயபாண்டி எலக்ட்ரிக்கல்ஸ்' என்று பெரிதாக எழுதுவோம். சுழல் நாற்காலி போடுவோம். முக்கியமாக, சித்ராதேவி கூப்பிட்டால் காதில் விழாத தூரம்.

சித்ராதேவி என் மனைவி. அவள் வீட்டாரும் எங்களைப் போலச் சாத்தூர்ப் பக்கந்தான். ஆனால் அவள் பிறந்து வளர்ந்தது பல்லடம். அதனால் கொங்கு மரியாதையோடுதான் என்னைத் திட்டுவாள்.

லைசன்ஸுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்தேன். எனக்கே ஷாக் அடித்தது. ஆபீஸுக்கு அத்தாட்சி வேண்டும். கரண்ட் கசிகிறதா என்று பார்க்க மெக்கர் வேண்டும். எர்த் டெஸ்டர் வேண்டும். இரண்டும் சரியாக அளக்கின்றன என்று வேறொருவர் சான்றிதழ் தர வேண்டும். நம் ஊர் மாப்பிள்ளைகளைக்கூட யாரும் இவ்வளவு விசாரிப்பதில்லை. அதெல்லாம் போகட்டும். தகுதிச் சான்றிதழ் பெற்ற சூப்பர்வைசர் ஒருவர் முழுநேரமும் நம்மிடம் இருக்க வேண்டுமாம். என்னிடம் இருப்பதோ வெறும் வயர்மேன் சான்றிதழ். சூப்பர்வைசருக்கு நான் எங்கே போவேன்?

எங்கேயும் போக வேண்டாம். ஆள் என் வீட்டிலேயே இருந்தது. சித்ராதேவி எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, கல்யாணத்துக்கு முன்பு பேனல் போர்டு கம்பெனியில் வேலை பார்த்து, சூப்பர்வைசர் சான்றிதழும் வாங்கியவள். "பொம்பளைக்கு எதுக்கு வயரும் ஃபியூஸும்?" என்று பெருந்தன்மையோடு அவளை வீட்டில் உட்கார வைத்த மகான் நான்தான். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் துழாவினேன். சான்றிதழ் கிடைத்தது. தேதி தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தாள்! எனக்குத் தெரியாமல் அவள் செய்த ஒரே காரியம் அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

சூப்பர்வைசர் சம்மதக் கடிதத்தை அவளிடம் நைசாக நீட்டினேன்.

"ஒரு கையெழுத்துப் போடு சித்ரா. கேஸ் கனெக்சனுக்கு."

"கேஸுக்கு எதுக்குங்க என்ற டிப்ளமோ?"

"தீப்பிடிக்கிற சமாச்சாரம் இல்லையா? படிச்ச ஆளாப் பாத்துக் கேக்குறாங்க."

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா?"

மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ கடிதத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"முழுநேர சூப்பர்வைசர்னு போட்டிருக்குதுங்க. நான் தெனமும் வேலைக்கு வரோணுங்களா?"

"சும்மா பேருக்குத்தான். நீ பாட்டுக்கு வீட்ல சோறாக்கு."

"ஆபீசர் வந்து கேட்டா?"

"நான் பேசிக்கிடுதேன். மொதலாளி நான்தான!"

"ஆமாங்க, நீங்கதானுங்க மொதலாளி. ஆனா கம்ப்யூட்டர்ல ஏத்தறது உங்களுக்கு வராதுங்களே. அத நான் பாத்துக்கறனுங்க. நீங்க கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க."

இவ்வளவு பணிவாக அவள் பேசிக் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஒரு கட்டுத் தாளை முன்னால் வைத்தாள். படித்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் தொழிலில் யார் ஐயா படிக்கிறார்கள்? வேலை முடிந்ததும் டெஸ்ட் ரிப்போர்ட் வரும். அதில் 'வயர்மேன்' என்று அச்சடித்த இடம் இருக்கும். பேனா தானாக அங்கே போய் உட்காரும். பதினாலு வருஷப் பழக்கம். அவள் தாளைப் புரட்டப் புரட்ட, 'வயர்மேன்' என்று கண்ட இடத்திலெல்லாம் போட்டுக்கொண்டே போனேன். முதலாளி கையெழுத்தாயிற்றே என்று கடைசியில் ஒரு சுழியும் சேர்த்தேன்.

ஒரு மாதம் கழித்து ஆபீசர் பார்வையிட வந்தார். முதலிபாளையத்தில் அறை அமையும்வரை இருக்கட்டும் என்று எங்கள் வீட்டு முன்னறையைத்தான் ஆபீஸாகக் காட்டியிருந்தாள் சித்ராதேவி. மேஜைமேல் மெக்கரும் எர்த் டெஸ்டரும் சந்தனப் பொட்டோடு இருந்தன. நான் வெள்ளைச் சட்டையில் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"வாங்க சார், நான்தான் இங்க..."

"இருங்க, இருங்க. லைசன்ஸுக்கு விண்ணப்பிச்ச சித்ராதேவி மேடம் யாருங்க?"

"நானுங்க சார். சூப்பர்வைசரும் நானேதானுங்க."

எனக்குக் காது அடைத்துவிட்டது. அவள் மெக்கரை எடுத்தாள். சுவரிலிருந்த ஸ்விட்ச் போர்டைக் கழற்றி அளந்து காட்டினாள். ஆபீசர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவரு?"

"நம்ம வயர்மேனுங்க. முழுநேர வேலைக்குச் சம்மதிச்சு எழுதின கடிதம் அஞ்சாம் பக்கத்துல இருக்குதுங்க. கைவேலை சுத்தமுங்க. படிக்கத்தான் கொஞ்சம் சோம்பேறித்தனம்."

ஆபீசர் தெரு முனை தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு குதித்தேன்.

"நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டயே! இனி ஒரு நிமிசம் இங்க இருக்க மாட்டேன். பாண்டித்துரை அண்ணாச்சிகிட்டயே போறேன்!"

"தாராளமாப் போங்க. ஆனா நீங்க இங்கத்த வயர்மேனுங்க. வேற கான்ட்ராக்டர்கிட்டச் சேரோணும்னா நான் விடுவிச்சுக் கடிதம் குடுக்கோணுமுங்க. எழுதிக் குடுங்க, பரிசீலிக்கறனுங்க."

ரோஷத்தோடு அப்போதே எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரமாக அது மேடத்தின் பரிசீலனையில் இருக்கிறது. அதுவரை, காலை ஒன்பது மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குக் காபி.