மேற்படி குளம்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. இருந்தது என்று சொன்னதும் நீங்கள் நம்பிவிட்டீர்கள். கதை கேட்பவர்களின் குணம் அது. அந்தக் காட்டின் நில அலுவலகம் வாய்வார்த்தையாக எதையும் நம்புவதில்லை.

குளத்தில் பொற்கொடி என்ற நீர்நாய் தன் நான்கு குட்டிகளோடு வாழ்ந்துவந்தது. ஒரு நாள் காலை கழுத்தளவுத் தண்ணீரில் மிதந்தபடி கெண்டை மீன் தின்றுகொண்டிருந்தபோது, கரையோர மருதமரத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பதைக் கண்டது.

"இந்த இடம் பதிவேட்டின்படி தரிசு மேடு. இங்கே நீர்நிலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு மையம் அமைய இருப்பதால், இன்றிலிருந்து நூறாம் நாள் மண் கொட்டி நிரப்பப்படும். குடியிருப்போர் காலி செய்யவும்."

மேட்டை எதற்காக நிரப்ப வேண்டும் என்ற கேள்வி பொற்கொடிக்கு எழுந்தது. அலுவலகத்தில் யாருக்கும் எழவில்லை. அடுத்த தண்ணீர் மூன்று நாள் நடைத் தொலைவில் இருந்தது. குட்டிகளுக்கோ நீந்தத் தெரிந்த அளவுக்கு நடக்கத் தெரியாது. பொற்கொடி அலுவலகத்துக்குப் புறப்பட்டது.

அலுவலகத்தில் தகவல் கொடுக்கும் அலுவலராக ஞானதிரவியம் என்ற ஆமை அமர்ந்திருந்தது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது பழமொழி. அலுவலகத்தைப் பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்லாததால் அரசு ஆமையை அங்கே நியமித்திருந்தது. வாசலில் நீண்ட வரிசை. அதில் மனநிறைவோடு நின்றது ஒரு நத்தை மட்டும்தான். "என்ன இருந்தாலும் இங்க எல்லாம் கொஞ்சம் அவசரம்தான்" என்றது அது.

பொற்கொடியின் முறை வந்தது.

"சார், எங்க குளத்தை ஏன் மூடுறீங்க?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "எழுதிக் குடும்மா."

எழுதிக் கொடுத்தது. முப்பதாம் நாள் பதில் வந்தது: "'ஏன்' என்பது தகவல் அல்ல. மனு முடித்துவைக்கப்படுகிறது."

அலுவலகத்துக்கு வெளியே புங்கமரத்தடியில் மாசிலாமணி என்ற நரி மனு எழுதிப் பிழைத்துவந்தது. மனு ஒன்றுக்கு ஒரு மீன். அது பதிலைப் படித்துவிட்டுச் சிரித்தது.

"யம்மா, நீ கேட்டதே தப்பு. ஏன்னு கேட்டா அவங்க காரணம் சொல்லணும். காரணத்துக்கு அவங்க எங்க போவாங்க? இருக்கிற பேப்பரோட நகலைக் குடுன்னு கேளு. முப்பது நாளைக்குள்ள பதில் சொல்லியே ஆகணும். எதுக்கும்மா கேக்குறேன்னு உன்னைத் திருப்பிக் கேக்கவும் முடியாது. வெள்ளைத் தாள்ல எழுதினா போதும். சட்டம் அப்படி."

"அவ்வளவு நல்ல சட்டமாண்ணே?"

"சட்டம் தங்கம்தான். அதை ஆமைகிட்ட குடுத்து வச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

நரி எழுதத் தொடங்கியது: "பொருள்: குளப் பதிவேட்டின் நகல் கோருதல்."

"எந்தக் குளம்னு எழுதலையே" என்றது பொற்கொடி.

"புல எண் போட்டிருக்கேன்."

"எண்ணைப் போட்டா அது குளமாயிடுமா? எழுதுங்கண்ணே: நீர்நாய் பொற்கொடி மூணு தலைமுறையா குடியிருக்கிற, எந்தக் கோடையிலும் வத்தாத, நடுவுல ரெண்டு யானை ஆழமிருக்கிற தாமரைக்குளம்."

"பொருள் வரியில புராணம் பாடக்கூடாதும்மா."

"அப்போ மீனைத் திருப்பிக் குடுங்க."

மீன் ஏற்கெனவே பாதி உள்ளே போயிருந்தது. நரி புராணத்தை எழுதியது.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்த மனுவின் பொருள் வரியைப் பதில் கடிதத்தின் தலையில் எழுத்து மாறாமல் எடுத்தெழுத வேண்டும். ஒரு சொல்லைக் குறைப்பதானாலும் மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கேட்க ஒரு தனிக்கோப்பு திறக்க வேண்டும். கோப்பு திறப்பதைவிட எடுத்தெழுதுவது சுகம் என்பது ஆமையின் அனுபவம்.

இன்னொரு சங்கதியும் அதற்கு மட்டும் தெரியும். குளப் பதிவேட்டைப் பதிவறைக் காப்பாளரான கரையான் போன மழைக்காலத்திலேயே தின்று முடித்திருந்தது. காணோம் என்று எழுதினால் விசாரணை வரும். ஆகவே இருபத்தொன்பதாம் நாள் பதில் இப்படிப் போயிற்று. மரங்கொத்தி அதில் பலமாக முத்திரை குத்தியது:

"பொருள்: நீர்நாய் பொற்கொடி மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும், எந்தக் கோடையிலும் வற்றாத, நடுவில் இரண்டு யானை ஆழமுள்ள தாமரைக்குளம் – பதிவேட்டின் நகல் கோரியது – தொடர்பாக. மேற்படி குளத்தின் பதிவேடு தேடப்பட்டு வருகிறது."

"தேடுறாங்களாம்" என்று பொற்கொடி நரியிடம் வந்து அழுதது.

"மேல்முறையீடு போடு" என்றது நரி, அடுத்த மீனுக்குக் கை நீட்டியபடி.

மேல்முறையீட்டு அலுவலர் மேல்கிளையில் இருந்த ஆந்தை. அலுவலகமோ பகலில் நடந்தது. ஆந்தைக்கோ பகலில் கண் தெரியாது. ஆகவே ஆமை எழுதித் தந்த பதிலிலேயே ஆந்தை கையெழுத்திட்டது. அதே பொருள் வரி, அதே இரண்டு யானை ஆழம். கீழே: "மேற்படி குளத்தின் பதிவேடு தற்சமயம் பதிவறைக் காப்பாளரின் உடலுக்குள் இருப்பதால், அது மூன்றாம் நபரின் அந்தரங்கம் எனக் கருதப்பட்டு, நகல் தர இயலாது."

இப்படியாக நூறாம் நாள் வந்தது. மண்கூடைகளோடு ஒப்பந்ததாரர் யானையும் வந்தது.

"யானையண்ணே, நல்லாப் பாருங்க, இது குளம்" என்றது பொற்கொடி, குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு.

"தெரியுதும்மா. போன வாரம் இங்கதான் குளிச்சேன். ஆனா பேப்பர்ல மேடு. நான் கண்ணால பாத்து வேலை செஞ்ச காலத்துல எனக்கு ஒரு வேலையும் கிடைக்கலை."

"அப்போ இந்தப் பேப்பரையும் பாருங்க!" என்று பொற்கொடி ஆத்திரத்தில் கடைசியாக வந்த இரண்டு மறுப்புக் கடிதங்களையும் அதன்மேல் வீசியது.

யானை தும்பிக்கையால் எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தது. "வற்றாத... இரண்டு யானை ஆழமுள்ள..." என்று வந்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தது. "மேற்படி குளம்னு அரசாங்கமே ரெண்டு தடவை எழுதியிருக்கே. முத்திரை இருக்கு. ஆந்தை ஐயா கையெழுத்தும் இருக்கு. என்கிட்ட இருக்கிற உத்தரவு பழைய தேதி. இது புதுத் தேதி. புதுசு வந்தா பழசு செல்லாதும்மா."

"அதுல தர முடியாதுன்னுதானே போட்டிருக்கு?"

"நகலைத்தான் தர முடியாதாம். குளம் இல்லைன்னு எங்க சொல்லியிருக்கு?"

யானை மண்கூடைகளோடு திரும்பிப் போயிற்று. விழிப்புணர்வு மையம் பிறகு ஒரு மொட்டைப்பாறைமேல் எழும்பியது. அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை என்று கேள்வி.

பழைய கதையாக இருந்தால் இங்கே, விடாமுயற்சி வெல்லும் என்று சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் புங்கமரத்தடியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேள்விப்பட்டது ஒரு நரி.

மறுநாள் நரி தனக்காக ஒரு மனு போட்டது. "பொருள்: நரி மாசிலாமணிக்குச் சொந்தமானதும், தற்போது சிங்கம் ஒண்டுக்குடித்தனம் இருப்பதுமான குகை – பட்டா நகல் கோருதல்." இருபத்தொன்பதாம் நாள், மேற்படி குகையின் பட்டா தேடப்பட்டு வருவதாகப் பதில் வந்தது. நரி பெட்டி படுக்கையோடு குகைக்குக் குடிபோயிற்று.

செய்தி காடெங்கும் பரவியது. "புலி தின்னக் கூடாத மான்" பற்றித் தகவல் கேட்ட மான், பதிலைக் கழுத்தில் கட்டிக்கொண்டு புலியின் எதிரிலேயே மேய்ந்தது. புலி கடிதத்தைப் படித்துப் படித்து இளைத்தது. கடைசியாக ஒரு காட்டுப்பன்றி, "பன்றி புரள்வதற்கென்றே ஒதுக்கப்பட்டதும், சிலர் தவறாகத் தாமரைக்குளம் என்று அழைப்பதுமான சேற்றுக்குட்டை" என்று மனு போட்டிருப்பதாகப் பொற்கொடியின் காதுக்கு எட்டியது.

பன்றியின் பதில் வந்தால் அதுதான் புதுத் தேதி. குளம் ஒரே நாளில் குட்டையாகிவிடும். தானும் ஒரு மனு போட்டால் பன்றி இன்னொன்று போடும். காகிதத்தைக் காகிதத்தால் எத்தனை நாள் துரத்துவது? நரி விட்டுப்போன புங்கமரத்தடி காலியாகக் கிடந்தது. பொற்கொடி அங்கே உட்கார்ந்து யோசித்தது.

அப்போது அலுவலகத்துக்குள் ஒரு கர்ஜனை. இலைகள் உதிர்ந்தன. வரிசையில் நின்ற நத்தைகூட இரண்டடி ஓடியது.

"என் குகையில நரி படுத்திருக்கு! நான் இந்தக் காட்டுக்கு ராஜா!"

"இருக்கலாம் மகாராஜா" என்றது ஓட்டுக்குள்ளிருந்து ஆமையின் குரல். "எழுத்துல ஏதாவது இருக்குங்களா?"

"கர்ஜிக்கிறேனே, காது கேக்கலையா?"

"கர்ஜனை வாய்மொழிங்க. வெளிய மரத்தடியில மனு எழுதுவாங்க."

சிங்கம் வெளியே வந்தது. பிடரி கலைந்திருந்தது, பல வாரமாக மழையில் படுத்த முகம்.

"வாங்க மகாராஜா" என்றது பொற்கொடி. "பொருள் வரியில என்ன போடட்டும்?"

"காட்டரசர்னு முதல்ல போடு. மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

பொற்கொடி தன் இஷ்டப்படி எழுதியது. சிங்கம் முதல் சொல்லை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டது. அரசர்கள் அடுத்த சொல்லைப் படிப்பதில்லை.

பன்றிக்குப் பதில் வந்த மறுநாளே சிங்கத்துக்கும் வந்தது:

"பொருள்: காட்டரசரும், நீர்நாய் பொற்கொடியின் தாமரைக்குளத்துக்கு நிரந்தரக் காவலரும், அதன் கரையிலேயே வசிப்பவருமான சிங்கம் – நியமன ஆணையின் நகல் கோரியது – தொடர்பாக. மேற்படி காவலரின் ஆணை தேடப்பட்டு வருகிறது."

சிங்கம் இரண்டு முறை படித்தது. உறுமத் தொடங்கியது. பிறகு முத்திரையைப் பார்த்தது. காட்டரசர் என்ற சொல்லுக்கு நேர் மேலே அது ஈரமாகப் பளபளத்தது. பிறந்ததிலிருந்து யாரும் அதை எழுதித் தந்ததில்லை.

"கரையில நிழல் இருக்கா?" என்று கேட்டது.

"மருதமர நிழல், மகாராஜா. தினமும் மீன் உண்டு."

அன்று மாலை பன்றி தன் கடிதத்தோடு குளத்துக்கு வந்தது. மருதமரத்தடியில் அரசர் படுத்திருந்தார்; அவருடைய வாலைப் பிடித்து இரண்டு குட்டிகள் இழுத்துக்கொண்டிருந்தன.

"என்ன பேப்பர் அது?" என்றது சிங்கம், கண்ணைத் திறக்காமலே.

"ஒண்ணுமில்லீங்க. மீன் மடிக்க வச்சிருந்தேன்" என்றது பன்றி.

நீதி: கேட்ட தகவலை அரசு தராது என்று மனம் தளர வேண்டாம். தர மறுக்கும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளலாம். கூடவே ஒரு சிங்கத்தையும் எழுதிக்கொள்வது நல்லது.