எங்கள் புழக்கடை ஐஸ் மைதானம்

போனில் யாராவது ஏதாவது கேட்டால் "இல்லை" என்று சொல்ல எனக்கு வராது. நேரில் கேட்டால் எப்படியோ சமாளித்துவிடுவேன். போனில் மட்டும் வாய் தானாக "இருக்கு, இருக்கு" என்று சொல்லிவிடும். இந்தக் குணத்தால் இல்லாத பித்தளை அண்டாவைக் கல்யாண வீட்டுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டு, பிறகு அதைத் தேடிக் கனகம்மாசத்திரம் வரைக்கும் அலைந்திருக்கிறேன். அண்டாவாவது பரவாயில்லை, உலகத்தில் எங்கேயோ இருக்கிற பொருள். திருத்தணியில் ஐஸ் ஸ்கேட்டிங் மைதானம் இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. (இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முழுக்கப் படித்த பிறகு சொன்னால் நீங்க நம்ப மாட்டீங்க.) வீட்டில் நான், என் வீட்டுக்காரர் தாஸ், என் அப்பா. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தங்கை ஷெரின் கனடாவில் இருக்கிறாள். அவளுக்கு நிவி என்று ஒரே மகள், அப்போது ஒன்பது வயது. நைனா அந்தப் பேத்தியைக் கடைசியாகத் தூக்கியபோது அவளுக்குப் பல்கூட முளைக்கவில்லை. அதற்கப்புறம் போன் திரையில் பார்த்ததோடு சரி.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருகிறோம் என்பார்கள். ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று தடுக்கும். அந்த வருஷம் தடுத்தது ஸ்கேட்டிங். நிவி ஐஸ் மேல் சறுக்குகிற வகுப்பில் சேர்ந்திருந்தாள். ஜனவரியில் அதற்குத் தேர்வு. மூன்று வாரம் பயிற்சி விட்டுப்போனால் கீழ் வகுப்பில் போட்டுவிடுவார்களாம். "வரமாட்டேன்னு அழுவுறா நைனா. நான் என்ன பண்ணட்டும் சொல்லு" என்றாள் ஷெரின்.

"ஆங், ஆங், கொழந்தைய அழ வெக்காதம்மா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் நைனா. எத்தனையோ வருஷமாகச் சொல்லிவந்த அதே பேச்சுதான். ஆனால் அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. போனை என்னிடம் நீட்டிவிட்டு, சுவரில் இருந்த காலண்டரை ஒரு தடவை பார்த்தார். எனக்கு அது தாங்கவில்லை.

"ஏண்டி, ஸ்கேட்டிங்தானே பிரச்சினை? அது இங்கயே இருக்குதே" என்றேன்.

"திருத்தணிலயா? எங்கக்கா?"

"நம்ம வூட்டுக்குப் பின்னாலதான். கட்டிகினு இருக்கோம்."

எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. அடுத்த வாரமே ஷெரின் டிக்கெட் போட்டுவிட்டாள். நைனா காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். இனிமேல் பின்வாங்க வழியில்லை.

"நான் அரக்கோணம் போயி டூட்டிய பாக்குறேன். நீ இங்க கனடாவைக் கட்டு" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். ரயில்வே உத்தியோகத்தில் அது ஒரு வசதி.

யூடியூபில் பார்த்தேன். அந்த ஊர்க்காரர்கள் தோட்டத்தில் நான்கு பக்கமும் பலகை அடித்து, தார்ப்பாய் விரித்து, தண்ணீர் விட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். காலையில் ஐஸ் தயார். நானும் பதினைந்தடிக்கு எட்டடி அளந்து தார்ப்பாய் விரித்து, மோட்டார் போட்டுத் தண்ணீர் நிரப்பினேன். மார்கழிக் குளிர்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. இரண்டு நாளாக இட்லி மாவு பொங்கவில்லை. குளியலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்திருந்தது. எண்ணெயே உறையும்போது தண்ணீர் உறைவதற்கு என்ன கேடு என்பது என் வாதம். (உறைநிலை என்ற பாடத்தை வருஷாவருஷம் நடத்துகிறவளும் நான்தான்.)

மூன்று நாள் காத்திருந்தேன். நான்காம் நாள் என் வீட்டுக்காரர் குரங்குக் குல்லாவோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், கொசு முட்டை வெச்சிருக்குது. ஒரு தவளை வந்திருக்குது. ஸ்கேட்டிங் பண்றதுக்கு ஆள் சேந்துட்டாங்க."

அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசவேண்டியதாயிற்று, ஏனென்றால் அரக்கோணத்தில் ஐஸ் கம்பெனி எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். மீன்காரர்களுக்கு ஐஸ் பார் போடுகிற கம்பெனி. மூன்றடி நீளம், ஓரடி அகலத்தில் நாற்பது பார் சொன்னேன். தரையில் டைல்ஸ் ஒட்டுவது மாதிரி நெருக்கி அடுக்கி, இடுக்கில் நொறுக்கின ஐஸைப் போட்டு அடைத்துவிட்டால் மைதானம் ரெடி. உருக உருகத் தினமும் புது பார் வரவழைத்துக்கொள்ளலாம் என்று நோட்டில் படமே வரைந்துவிட்டேன். அந்த நோட்டை இப்போதும் என் வீட்டுக்காரர் விருந்தாளிகளுக்கு எடுத்துக் காட்டுகிறார்.

அடுக்கித் தர கே.ஜி.கண்டிகையிலிருந்து மாரி மேஸ்திரி வந்தார். எங்கள் வீட்டுக்கே தரை போட்டவர் அவர்தான். முதல் நாளே மணல் கொட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேலே தெர்மோகோல் பரப்பிவிட்டார். அதே நாள்தான் ஷெரினும் நிவியும் வந்து இறங்கினார்கள். நிவி நைனாவுக்கு ஒரு "ஹாய் தாத்தா" சொன்னாள். போனில் சொல்வாளே, அதே ஹாய். நைனா அவள் கையைப் பிடிக்க நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஸ்கேட்டிங் பூட்ஸ் பையைத் தோளில் இருந்து இறக்காமலே அவள் நேராகப் புழக்கடைக்குப் போனாள். மணலையும் தெர்மோகோலையும் பார்த்தாள்.

"பெரியம்மா, ஐஸ் எங்க?"

"நாளைக்குக் காலைல வந்துரும் கண்ணு."

"ஐஸ் வருமா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராத்திரி சாப்பிடக்கூட வரவில்லை. ஷெரின் என்னைப் பார்த்த பார்வையை எழுதி முடியாது.

மறுநாள் காலையில் மினி லாரியில் ஐஸ் வந்தது, உமியும் கோணியும் போர்த்திக்கொண்டு. கூடவே மீன் வாசனையும் வந்தது. அரைமணி நேரத்தில் தெருவிலிருந்த பூனைகள் எல்லாம் மதில்மேல் உட்கார்ந்துவிட்டன. மாரி மேஸ்திரி எட்டு மணிக்கெல்லாம் நாற்பது பாரையும் அடுக்கி முடித்தார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நிவி உடனே பூட்ஸை மாட்டியிருந்தால் கதை அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஜெபம் பண்ணாமல் புதிதாக எதையும் தொடுவதில்லை. பைக்கோ, போர்வெல்லோ, கிரைண்டரோ, போதகர் வந்து ஜெபித்த பிறகுதான் சுவிட்சே போடுவோம். "பாஸ்டர் ஐயா ஒம்போது மணிக்கு வர்றேன்னாரு. அதுக்குள்ள கொழந்தைய எறக்காத" என்றார் நைனா.

போதகருக்கு வழியில் வேறொரு வீட்டில் வேலை வந்துவிட்டது. பத்தரை மணி ஆயிற்று. தென்னை மரத்து நிழல் நகர்ந்துபோய் வெயில் ஐஸ் மேல் விழுந்தது. ஐஸ் வியர்க்க ஆரம்பித்தது. எனக்கும்தான்.

"டீச்சர், குல்ஃபிக்காரன் உப்பு போட்டுதானே சாயந்தரம் வரைக்கும் வெச்சிகினு இருக்கான்" என்றார் மேஸ்திரி.

அது குல்ஃபியைக் கெட்டியாக வைக்கும், ஐஸை உருக்கிவிடும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வார்கள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனாலும் ஓடிப்போய் மளிகைக் கடையில் நான்கு மூட்டைக் கல்லுப்பு வாங்கிவந்து, என் கையாலேயே மைதானம் முழுக்கத் தூவினேன்.

போதகர் வந்தார். வெள்ளை அங்கி. கனடாவிலிருந்து வந்தவர்கள் முன்னால் நம் சபை குறைந்துபோகக் கூடாதென்று விசேஷமாகத் தயாராகி வந்திருந்தார். நைனாவைப் போட்டோவுக்காகச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், ஐஸ் மேலேயே, வீட்டுப் பக்கத்து ஓரமாக உட்காரவைத்தோம். பக்கத்தில் பூட்ஸ் மாட்டிய நிவி, உம்மென்று. எல்லோரும் கண்ணை மூடினோம்.

போதகர் உலகம் உண்டானதிலிருந்து ஆரம்பித்தார். ஒளிக்கு நன்றி, தண்ணீருக்கு நன்றி, தண்ணீரை உறையச் செய்கிற குளிருக்கு நன்றி. பிரளயத்துக்கு வந்தபோது என் கால்விரல்கள் நனைந்தன. அப்புறம் கனடா தேசம், அதை ஆளுகிறவர்கள், விமானம் ஓட்டினவர், லாரி ஓட்டினவர், மேஸ்திரியின் முதுகுவலி எல்லாம் வந்தன. எங்கேயோ சொட்டுச் சொட்டென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் சளசளவென்று ஆகியது. ஜெபத்தின்போது கண்ணைத் திறக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். ஒரே ஒரு கண்ணைத் திறந்தேன். நிவியும் ஒரு கண்ணைத் திறந்திருந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டோம். மைதானத்தில் பளபளவென்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, எல்லாம் ஒரே திசையில், வாழை மரங்களைப் பார்த்து.

"மேஸ்திரி, தண்ணி ஏன் அந்தப் பக்கம் ஓடுது?" என்று கிசுகிசுத்தேன்.

"வாட்டம் குடுத்துருக்கேனுங்க. வாட்டம் இல்லாம நான் தரை போட்டதே இல்ல. தண்ணி நின்னுக்குமில்ல?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நம் ஊரில் எந்த மேஸ்திரியும் தரை போட்டால் தண்ணீர் வடியச் சரிவு வைப்பார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"ஆமென்" என்ற போதகர், செருப்பைக் கழற்றிவிட்டு, குறுக்கே கட்டியிருந்த ரிப்பனை வெட்ட ஒரு காலை ஐஸ் மேல் வைத்தார். நின்ற நிலையிலேயே, இரண்டு கையையும் விரித்தபடி, மெதுவாக எங்கள் எல்லோரையும் கடந்து போனார். ஆசீர்வாதம் தருகிறார் என்று நினைத்து நைனா தலையைக் குனிந்துகொண்டார். வாழை மரத்தடிச் சேற்றில்தான் போதகர் நின்றார், அதாவது விழுந்தார். அவரைப் பிடிக்க ஓடிய மேஸ்திரி அவர்மேல் விழுந்தார். இருவரையும் பிடிக்க ஓடிய நான் உட்கார்ந்த வாக்கில் போய்ச் சேர்ந்தேன். மதில்மேல் இருந்த பூனைகள் கலைந்து ஓடின.

சேற்றிலிருந்து நிமிர்ந்து பார்த்தால், மேலேயிருந்து நாற்காலி வருகிறது. நைனாவோடு.

 அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று தெரியாதா? பேத்தியைக் காட்டுகிறேன் என்று ஆசைகாட்டி அவரைப் படுக்கையில் தள்ளப்போகிறேன் என்றுதான் தோன்றியது. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் வழுக்கியது. ஷெரின் ஐஸுக்கு அந்தப் பக்கம் நின்று "நைனா, நைனா" என்று கத்துகிறாள். என் வீட்டுக்காரர் வீடியோ எடுப்பதை நிறுத்த மறந்து ஓடிவருகிறார்.

அந்த இடத்தில் காலில் நிற்கத் தெரிந்த ஒரே ஆள் நிவிதான். இரண்டே எட்டு. நாற்காலியின் முதுகைப் பிடித்தாள், பூட்ஸைக் குறுக்கே திருப்பினாள், சர்ரென்று ஐஸ் சிதறியது. என் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நாற்காலி நின்றது.

"தாத்தா, ஓகேவா?"

நைனா மூச்சு வாங்கினார். சுற்றிலும் பார்த்தார். "இன்னொரு தபா போலாமா?" என்றார்.

நிவி சிரித்தாள். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. அவர்கள் வகுப்பில் சின்னக் குழந்தைகள் முதலில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் சறுக்கப் பழகுவார்களாம். "தாத்தா, காலத் தூக்கிக்கோங்க" என்று சொல்லி அவரை மேலே தள்ளிக்கொண்டு போனாள். பதினைந்தடி மேலே, பதினைந்தடி கீழே. நைனா வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு, திரும்பும் இடத்தில் எல்லாம் "ஆங், ஆங்" என்று வழி சொன்னார். நாங்கள் மூவரும் சேற்றில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். போதகர்கூட எழுந்திருக்க அவசரப்படவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் நாற்காலியின் கால் ஒரு இடுக்கில் புதைந்தது. நண்பகலில் புழக்கடை குளமாகிவிட்டது.

ஷெரினிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டினாள், நியாயமாகத்தான். நிவி மட்டும் அதற்கப்புறம் ஐஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. காலையில் நைனாவின் விரலைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய் பன் தின்றுவிட்டு வருவாள். ஜனவரியில் அவளைக் கீழ் வகுப்பில்தான் போட்டார்கள். அழுவாளோ என்று பயந்துகொண்டே போன் எடுத்தேன். "பெரியம்மா, இங்க குட்டிப் பசங்களுக்கு நான்தான் சேர் தள்ளி விடறேன்" என்றாள்.

எங்கள் சபையிலோ, போதகரின் ஜெபம் நீண்டால் பின் வரிசையிலிருந்து யாராவது மெதுவாக "ஐஸ் உருகுது" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சீக்கிரம் முடித்துவிடுவார். போன வருஷம் அவருக்கு மாற்றலாகிவிட்டது. வந்த புதுப் போதகருக்கு இந்தக் கதை தெரியாது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்து, முடிகிற பாடாக இல்லை. கோயிலே நிசப்தமாக இருந்தது. முன் வரிசையில் நைனா. இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுவார்.

"நிவிம்மா, ஐஸ் உருகுது."

"ஆமா தாத்தா" என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல். அந்த டிசம்பரோடு நான்கு வருஷமாக அவள் தவறாமல் வருகிறாள்.