பதினோராம் பக்கம்

இதழியலில் முதுகலைப் பட்டம் வாங்கியே தீருவது என்று ஒரு பத்திரிகையின் உதவி ஆசிரியர் முடிவெடுத்தபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் எழுதிய செய்திகளில் கல் பொறுக்கிய களைப்பு கண்ணுக்குக் கீழே பையாகத் தொங்கியது. தலைமை உதவி ஆசிரியர் நாற்காலி அடுத்த ஆண்டு காலியாகிறது. பட்டம் இருந்தால்தான் கிடைக்கும் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. அஞ்சல்வழியில் சேர்ந்தார். பாடப் புத்தகங்கள் மூட்டையாக வந்து இறங்கின.

ஞாயிறுதோறும் சாப்பிட்டதும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வார்.

"படிக்கணும். யாரும் கூப்பிடாதீங்க."

துணி காயப்போடுவது, தண்ணீர் பிடிப்பது, மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது எல்லாம் கதவுக்கு வெளியே நின்றுவிட்டன. உள்ளே அவர் புத்தகத்தைப் பிரிப்பார். பதினோராம் பக்கத்தில் 'செய்தி என்றால் என்ன?' என்று கேட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே கண் சொருகிவிடும். எட்டு மாதமாகியும் பன்னிரண்டாம் பக்கத்தை அவர் கண்டதில்லை. பாவம், மனுஷன் நிம்மதியாகத் தூங்க வேறு வழியும் இல்லை.

புலனாய்வுக் கட்டுரை ஒன்று அனுப்பக் கெடு வந்தது. அனுப்பாவிட்டால் அந்த வருஷமே வீண். மனைவியிடம் போய்க் குழைந்தார்.

"நீயே எழுதிடேன். அக்கம்பக்கத்து விஷயம் ஏதாவது போதும்."

"எனக்கு என்னங்க தெரியும்?"

"நீயும்தான் டிகிரி முடிச்சிருக்கியே. ரொம்ப சுலபம். ரெண்டு பேர் உறுதியா சொல்லணும். யார் மேல புகாரோ அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடணும். அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா? இதுக்கா எட்டு மாசம் கதவைச் சாத்தினீங்க?"

அவர் இருமிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஒட்டிய கனமான உறை ஒன்றை அவள் கொடுத்தாள்.

"பிரிச்சுத் தரட்டுமா? ஒரு தடவை படிச்சுப் பார்க்கறீங்களா?"

"ஆபீஸ்லதான் அந்தத் தலையெழுத்து. வீட்லயுமா?"

கொட்டாவி விட்டபடி தபாலில் சேர்த்துவிட்டு வந்து படுத்தார்.

ஒரு மாதத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது அவருக்கு. 'தங்கள் கட்டுரை வந்து சேரவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் முயலவும்.' இரண்டாவது மனைவிக்கு. விண்ணப்பத்துடன் அவள் இணைத்திருந்த மாதிரிக் கட்டுரையைத் தேர்வுக்குழு பாராட்டுகிறதாம். முதுகலையில் அவளுக்கு இடம் தருகிறதாம். துறையின் இதழில் அதை வெளியிட அனுமதி வேண்டுமாம். அச்சுப்படி இணைப்பு.

'சாத்திய கதவுக்குப் பின்னால்' என்பது தலைப்பு. கீழ்வீட்டுத் தையல்காரம்மா சாட்சி சொல்லியிருந்தார்: "ஞாயித்துக்கிழமையானா மேல மரம் அறுக்கறாங்கன்னு நெனச்சேன்." மகள் உறுதி செய்திருந்தாள்: "அப்பா புத்தகத்துல அடையாளக் கயிறு பதினோராம் பக்கத்தை விட்டு நகரவே இல்லை." கடைசிப் பத்தி இப்படி முடிந்தது: 'இது குறித்துச் சம்பந்தப்பட்டவரின் கருத்தை அறியக் கதவை மூன்று முறை தட்டினோம். குறட்டையே பதிலாகக் கிடைத்தது.'

பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்தார். வெட்ட ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"என் பேர்ல அனுப்பச் சொன்னா உன் பேர்ல அனுப்பியிருக்கே?"

"அடுத்தவங்க எழுதினதைத் தன் பேர்ல போட்டுக்கறவனை நீங்க திட்டாத நாள் உண்டா?"

"என் நாற்காலி போச்சே."

"கட்டில் இருக்குதானே, அப்புறம் நாற்காலி எதுக்கு?" என்றவள் அச்சுப்படியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "எனக்கும் மேல படிக்கணும்னு கல்யாணத்துக்கு முன்னாடியே ஆசைங்க. நீங்க கேட்டதே இல்லை."

அவருக்குச் சுருக்கென்றது.

அடுத்த ஞாயிறு உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே அவர் துணி காயப்போட்டார். தண்ணீர் பிடித்தார். மகளின் கணக்கில் தோற்றார். கடைசியில், உள்ளே அவளும் தூங்கித்தான் போயிருப்பாள் என்ற ஒரே நம்பிக்கையோடு கதவில் காதை வைத்தார். குறட்டை இல்லை. தாள் புரளும் சத்தம் கேட்டது.

ஈரக் கையால் தட்டினார்.

"என்ன பண்றே?"

"பன்னெண்டாம் பக்கம் வந்துட்டேங்க. இதுக்கப்புறம்தான் நல்லா இருக்கு."