நேரலையில் கொதித்த புளிமுளம்

எழுத்துப் பிழைகளுக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கை எழுதி முடிப்பதற்குள் மனசு மறந்துவிடுகிறது. ஆனால் இந்த ஒன்றை மட்டும் ஊர் என்னை மறக்க விடுவதில்லை.

இனயத்துக்குப் பக்கத்தில், கடலோரம் எங்கள் ஊர். அங்கே மக்கள் ஊடக மையம் என்று ஒன்று உண்டு. (நாங்கள் 'மீடியா' என்போம்.) ஓர் அறை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். காற்று எப்படி, கடல் எப்படி, யார் வீட்டில் கல்யாணம் என்று ஊர்ப் பெண்களே பேசுவார்கள். "கையில போன் கெடக்கும்போ இத ஆரு கேக்கப் போறா?" என்று நானும் சிரித்தவள்தான். அதே போனில்தான் துபாயில் இருக்கும் என் மகன்கூடக் கேட்கிறான் என்பது அப்போது தெரியாது.

எங்கள் வீட்டு மீன் புளிமுளம் பெயர் பெற்றது. தேங்காய் அரைத்து, புளி கூட்டி, வற்ற வைக்கிற கறி. அதைச் சொல்லத்தான் மையத்தை நடத்தும் ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டாள். எனக்கோ நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒளிந்துகொள்ளும். (கோயிலில் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சாமியார், "சத்தமா சொல்லும்மா" என்பார்.)

போதாததற்கு ஒரு ரகசியம் வேறு. அந்தக் கறியை வைப்பது நானில்லை, என் வீட்டுக்காரர் சூசை. கடற்கரையில் அவர் ஒரு சத்தம் போட்டால் பத்து வள்ளம் திரும்பிப் பார்க்கும். அடுப்படி விஷயம் வெளியே வந்தால் அந்த மரியாதை என்ன ஆகும்?

ஸ்டெல்லா மதுரைப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். "அம்மா, இது நேரலை. பயப்படாம பேசுங்க" என்றாள்.

எங்கள் பக்கம் 'நேர்' என்றால் உண்மை. 'நேரல்ல' என்றால் உண்மையில்லை. சும்மா பேசிப் பார்க்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"நேரல்லையா மக்கா?"

"ஆமாம்மா, நேரலைதான்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தைரியம் வந்ததோ! "இந்தக் கைப்பக்குவம் யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று அவள் கேட்டதும் அவிழ்த்துவிட்டேன்.

"நான் எங்க படிச்சேன்? எனக்குக் கஞ்சியே ஒழுங்கா வைக்கத் தெரியாது. எல்லாம் எங்க வீட்டு ஆளாக்கும் வைக்குதாரு. இடுப்புல உடுத்த சாரத்துல மஞ்ச படும்னு எனக்க பூப்போட்ட நைட்டிய மேல இட்டுக்கிடுவாரு. ஆளு வந்தா கரண்டிய என் கையில தந்திட்டு கதவுக்குப் பொறத்த ஒளிவாரு. வள்ளம் கவுந்தப்போ அழாத மனுசன், உள்ளி உரிச்சா மூக்கச் சிந்தி அழுவாரு!"

ஸ்டெல்லா இரண்டு கையையும் ஆட்டினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து, அவர் மூக்குச் சிந்துவதை நடித்தும் காட்டினேன்.

போன் அடித்தது. என் மகன்.

"எம்மா, நிறுத்து! இங்க ரூம்ல எல்லாவனும் உருண்டு சிரிக்கான்!"

"நேரல்லைன்னுல்லா மக்கா சொன்னா!"

"நேரலைன்னா லைவு எம்மா! லைவு!"

கடற்கரைக்கு ஓடினேன். (கல்யாணத்துக்குப் பிறகு ஓடியதே அன்றுதான்.) அங்கே கிழிந்த வலையைப் பொத்துகிறவர்களுக்கு நடுவில் ஒரு போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"என்ன ஓய் சூசை, நைட்டி என்ன நெறம்?" என்றார் ஒருவர். கடலைவிடப் பெரிய சிரிப்பு.

நான் ஒரு வள்ளத்தின் பின்னால் பதுங்கினேன். அவர் எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"ஏட்டி, பறஞ்சதுதான் பறஞ்ச, நல்லமிளக வறுத்து அரைக்கணும்னு பறஞ்சியா?"

"இல்ல."

"பின்ன எப்படிட்டி கறி நல்லாருக்கும்? நாளைக்கு ஊரே கெடுத்து வச்சிட்டு என்னையில்லா ஏசும்!"

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மையத்துக்குப் போனவர், மைக்கைவிட்டு இறங்க அரைமணி நேரமானது. இப்போது வாரா வாரம் அவர் சமையல்தான். நிறம் கேட்ட மனிதர், வீட்டில் தோசை சுடுவது தானே என்று போன வாரம் மைக்கில் ஒப்புக்கொண்டார்.

எங்கள் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் இன்றுவரை, "இது நேரா, நேரலையா?" என்றுதான் கேள்வி.

அன்றைக்கு வியாழனா வெள்ளியா, நைட்டி பச்சையா ஊதாவா என்பது எனக்கு நிச்சயமில்லை. ஸ்டெல்லாவிடம் பதிவு இருக்கிறது. யாராவது கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கறி வைத்தது அவர் என்பதை மட்டும் தொட வேண்டாம். அது நேர்.