மடிக்குள் போன வட்டு

ஐஸ் ஹொக்கியில் யார் எந்த இடத்தில் நிற்பது என்பதை உடம்பின் அளவு தீர்மானிக்கக் கூடாது. இதைப் பதினேழு வயதில் சொன்னேன், அவமானப்பட்டேன், இன்றும் சொல்கிறேன்.

என் உயரம் ஐந்து அடி (சப்பாத்தோடு). அப்போது டென்மார்க்கில், கோல்டிங்கில் இருந்தோம். எங்கள் பெண்கள் அணியின் பயிற்சியாளர் ஹென்ரிக்குக்கு ஒரு கணக்கு இருந்தது: பருத்தவர்கள் தடுப்புக்கு, நெட்டையானவர்கள் கோலுக்கு, என்னைப் போன்ற கட்டைகள் ஓரத்தில் ஓடுவதற்கு. எனக்கோ கோல்தான் வேண்டும். வலையில் பாதியைக்கூட உன்னால் மறைக்க முடியாது என்றார். மறைப்பது சுவரின் வேலை, பிடிப்பதுதான் என் வேலை என்றேன். (வாய் மட்டும் ஆறடி.) கோல் காப்பவள் மணிக்கட்டை முறித்துக்கொண்டதால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அந்த ஆட்டத்தில் தோற்காவிட்டால் கோல் எனக்கு, தோற்றால் ஓரம்.

வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த வசந்தம் அது. அப்பாவின் தங்கை, என் மாமி, அங்கே எங்கோ இருந்தார். வாரக்கணக்காகத் தொடர்பே இல்லை. அப்பா வேலைக்குப் போனார், ஆர்ப்பாட்டத்துக்குப் போனார், மற்ற நேரமெல்லாம் கைத்தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட வீட்டில் ஹொக்கி பற்றிக் கதைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கதைத்தேன்.

ஆட்டத்துக்கு அப்பாவை அம்மாதான் இழுத்து வந்தார். வந்தவர் என் கோலத்தைப் பார்த்துத் திகைத்துப் போனார். கழகத்தின் கோல் உடுப்பு ஏதோ ஒரு டெனிஷ் பனைமரத்துக்குத் தைத்தது. காற்சட்டையைத் தூக்கிப் பிடிக்கும் தோள்வார் அறுந்துகிடந்தது, மேற்சட்டை முழங்கால் வரை தொங்கியது. அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் நூல் சீலையால் இரண்டையும் சேர்த்து என் இடுப்பில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினார். நடுவர் உற்றுப் பார்த்தார். விதிப்புத்தகத்தில் சீலை பற்றி ஒன்றும் இல்லை போலும், விட்டுவிட்டார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாகவே பிடித்தேன். கடைசி நிமிடத்தில் இரண்டுக்கு இரண்டு. எதிரணிக்காரி ஒருத்தி ஓங்கி அடித்தாள். அந்த ரப்பர் வட்டு என் நெஞ்சில் பட்டது, பிறகு காணோம். பத்துப் பேர் குனிந்து பனியில் தேடினார்கள். நடுவரும் தேடினார்.

ஊரில் பெண்கள் காசையும் வீட்டுத் திறப்பையும் செருகுகிற சீலை மடி ஒன்று என் இடுப்பிலும் உருவாகியிருந்தது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். பார்வையாளர் பக்கத்திலிருந்து எழுந்து நின்று கூவினார்.

"மடிக்குள்ளை பார், பிள்ளை. மடிக்குள்ளை கிடக்குது."

வாழ்க்கையில் ஒருநாளும் அம்மா சொல் கேட்காதவள், அன்றைக்குக் கேட்டேன். கோடு எங்கே என்று பார்க்காமல் இரண்டு எட்டுப் பின்னால் போய் மடியை அவிழ்த்தேன். வட்டு கோட்டுக்கு அந்தப் பக்கம், வலைக்குள்ளே, பொத்தென்று விழுந்தது. நடுவர் இன்னும் விசில் ஊதவில்லை. கோல்.

அரங்கிலேயே ஒரே ஒரு ஆள் சிரித்தார். அப்பா. தொலைபேசியைக் கையில் பிடித்தபடி வயிற்றைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரில் ஏறியதும் கேட்டேன்.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கோ?"

"ஓம் பிள்ளை," என்று மறுபடி சிரித்தார். பாதி வழியில் அது அழுகையாக மாறியது. காரை ஓரங்கட்டி நிறுத்தினார். என் கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஹென்ரிக் என்னை ஓரத்துக்கு அனுப்பினார். குற்றம் தோள்வாருடையது, சீலையுடையது, அம்மாவுடையது, இதில் என் உயரம் எங்கே வந்தது என்று கேட்டேன். அணியை விட்டேன். பக்கத்து ஊர் அணியில் ஆறு வருடம் கோலில் நின்றேன்.

அந்தக் கோடையில் அகதி முகாமிலிருந்து மாமியின் அழைப்பு வந்தது. அண்ணனும் தங்கையும் அழுது முடித்தபின் என்ன கதைப்பதென்று தெரியாமல் அப்பா இந்தக் கதையைச் சொன்னார். மாமிக்கு ஐஸ் ஹொக்கி தெரியாது. மடி தெரியும். அவர் சிரித்தது தொலைபேசியைத் தாண்டி எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடப் போகுமுன் மாமி அழைப்பார்.

"மடியை இறுக்கிக் கட்டினியோ, பிள்ளை?"

"ஓம் மாமி," என்பேன். இப்போதும் ஐந்து அடிதான். இப்போதும் கோலில்தான்.