இருபத்து நான்கு துளைகளும் ஒரு சகலையும்

உடன்பிறந்தவர் முன்னேறினால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அண்டை வீட்டார் முன்னேறினால் சன்னலைச் சாத்திக்கொள்ளலாம். சகலை முன்னேறினால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. அவருடைய முன்னேற்றம் நம் மனைவியின் வாய்வழியாக நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்து சேரும்.

என் மனைவி மீனாவின் அக்காள் கணவர் குமரவேல், நூம்பலில் சொந்த வீடு கட்டிக் குடியேறியவர். மென்பொருள் நிறுவனமொன்றில் மேலாளர். நானோ காட்டுப்பாக்கத்தில் மாடியறையில் மூன்று கணினிகளை வைத்துக்கொண்டு, பிறர் எழுதும் நூல்களுக்குப் பிழை திருத்திப் பக்கம் அமைத்துத் தருபவன். அவருடைய காரைப் பொறுத்துக்கொண்டேன். (நிறம் சுமார்தான்.) மாடித்தோட்டத்தையும் பொறுத்துக்கொண்டேன். (கத்தரிக்காயில் புழு.) பொறுக்க முடியாமற்போனது அவருடைய ஸ்விட்ச்.

விளக்குப் போடும் ஸ்விட்ச் அன்று. வீட்டுக்குள் வரும் ஒற்றை இணைய இணைப்பைக் கம்பிவழியே பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் சிறு பெட்டி. அவருடையதில் எட்டுத் துளைகள், எட்டிலும் கம்பிகள், ஒவ்வொரு துளைக்கு மேலும் ஒரு பச்சை விளக்குக் கண்சிமிட்டும்.

“அக்கா வீட்ல மாடி, கீழ எங்க உக்காந்தாலும் நெட்டு கட்டே ஆக மாட்டேங்குதுங்க. மாமா என்னவோ பொட்டி வச்சிருக்காரு,” என்றாள் மீனா. எட்டுத் துளைகளும் என் நெஞ்சில் விழுந்தன.

மறுநாளே நசரத்பேட்டையில், மூடிய அலுவலகங்களின் தட்டுமுட்டுப் பொருள்களை விற்கும் கடைக்குப் போய் நின்றேன்.

“ஊட்டுக்கா, ஆபீஸுக்கா சார்?” என்றார் கடைக்காரர்.

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“எத்தினி கம்ப்யூட்டரு கீது?”

“மூணு.”

“அப்போ எட்டு ஓட்ட போதுமே.”

“என் சகலை வீட்டுல எட்டு இருக்கு.”

அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். “சகலையா? இத்த மொதல்லயே சொல்லக்கூடாதா நைனா? இந்தா, இருபத்திநாலு. இன்னா ஒண்ணு, உள்ள கீற ஃபேனு கொஞ்சம் கத்தும்.”

நம்பகமான ஸ்விட்ச் வாங்குபவன் கேட்க வேண்டியவை பல: சூடு தாங்குமா, உத்தரவாதம் உண்டா, தவறாகச் செருகினால் தன்னைத் தானே காத்துக்கொள்ளுமா? நான் கேட்டது ஒன்றே: “இதைவிட அதிகத் துளை உள்ளது இருக்கா?” இல்லையாம். வாங்கிவந்து முடுக்கியபோது, மழை வருகிறதென்றெண்ணிய எதிர்வீட்டு அம்மாள் மொட்டைமாடித் துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினார்.

அப்போதுதான் மீனாவின் தங்கை வித்யாவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை அருணுக்கு அயல்நாட்டில் வேலை. பெற்றோர் ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்பில். பெற்றோர் நேரில் வந்து பெண் பார்ப்பதென்றும், மாப்பிள்ளை திரையில் தோன்றிப் பேசுவதென்றும் ஏற்பாடு. குமரவேல் வீட்டில் வைத்துக்கொள்ளலாமென்று எல்லாரும் சொன்னார்கள். இருபத்து நான்கு துளைகள் இருக்கையில் எட்டை நாடிப் போவது குடும்பத்துக்கே இழுக்கு என்று வாதாடி வென்றேன்.

வித்யா மட்டும் என்னைத் தனியே அழைத்தாள். “மாமா, ரெண்டு எடம் ஏற்கெனவே தட்டிப் போயிருச்சு. இவரை எனக்குப் புடிச்சிருக்கு. நெட்டு சொதப்பிராதே?”

“சொதப்பினா என் பேரை மாத்திக்கறேன்,” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கூடத்துத் தொலைக்காட்சிக்குக் கீழே, கொலுவில் வைப்பதுபோல் என் பெட்டியை நடுநாயகமாக வைத்திருந்தேன். குமரவேல் குனிந்து பார்த்தார்.

“என்ன தம்பி, இருபத்திநாலுல அஞ்சுதான் எரியுது? மிச்சம் பத்தொம்பதும் லீவா?”

அவர் சிரித்ததைக்கூடத் தாங்கியிருப்பேன். மாப்பிள்ளையின் தந்தையும் சிரித்தார்.

அருண் குளிருக்கான தொப்பியுடன் திரையில் தோன்றினார். வித்யா காப்பித் தட்டோடு வந்து நின்றாள். எல்லாருடைய கண்களும் திரையில் இருக்க, நான் பெட்டியருகே அமர்ந்து, மிஞ்சிக் கிடந்த கம்பியொன்றின் ஒரு முனையை ஒரு காலித் துளையிலும் மறுமுனையை இன்னொரு காலித் துளையிலும் செருகினேன். ஒரு கம்பிக்கு இரண்டு விளக்குகள்! என்ன எளிமை! இன்னொன்று. மேலும் ஒன்று. எரிந்தவையெல்லாம் திருவிழாப் பந்தல்போல் படபடத்தன.

“வித்யா, உங்ககிட்ட ஒண்ணு மறைக்க விரும்பல,” என்றார் அருண். “எனக்கு ஏற்கெனவே...”

உறைந்துபோனார். வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி.

என் பெட்டியின் விசிறி மட்டும் விடாமல் ஓலமிட்டது.

“ஏற்கெனவே என்னடா?” என்று திரையைப் பார்த்துக் கத்தினார் மாப்பிள்ளையின் தாய். “ஐயையோ, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா!”

வித்யா காப்பித் தட்டோடு என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, அந்தப் பொட்டியப் பாருங்க!” என்றாள் மீனா.

“பொட்டிக்கு என்ன? இவ்வளவு விளக்கு என்னிக்காவது எரிஞ்சிருக்கா?”

மாப்பிள்ளையின் தந்தையின் கைபேசி ஒலித்தது. அவர் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“அப்பா, லைன் கட்டாயிருச்சு. எனக்கு ஏற்கெனவே முன்பக்கம் முடி கொட்டிருச்சு, போட்டோ பழசுன்னு சொல்ல வந்தேன்.”

கூடமே மூச்சுவிட்டது. அருணின் வேலையே இத்தகைய இணைப்புகளைப் பராமரிப்பதுதான் என்பதை நான் மறந்திருந்தேன்.

“அங்க ஸ்விட்சுல லைட்டெல்லாம் ஒண்ணா படபடன்னு அடிக்குதா?”

“அடிக்குது!” என்றேன், பெருமை இன்னும் வடியாமல்.

“யாராவது ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் அதுலயே சொருகியிருக்காங்களா சார்? அப்படிச் சொருகினா, உள்ள போனதே சுத்திச் சுத்தி வந்து எல்லாத்தையும் அடைச்சிரும்.”

‘யாராவது’ என்ற அந்தப் பண்பட்ட சொல்லை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆயினும் எல்லாரும் என் கையைத்தான் பார்த்தார்கள். அதில் நான்காவது கம்பி இருந்தது.

“ஏன் மாமா?” என்றாள் வித்யா.

“குமரவேல் அண்ணன் வீட்டுல எட்டும் எரியுதேம்மா...”

அவள் சிரித்த சிரிப்பில் காப்பி முழுவதும் தட்டில் இறங்கிவிட்டது.

“அப்பா, சிரிக்கிறது அவங்களா?” என்று கேட்டது கைபேசி. அந்தக் குரலிலேயே சம்பந்தம் முடிவாகிவிட்டது.

இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யார் பேச்சைப் பாதியில் நிறுத்தினாலும், “எனக்கு ஏற்கெனவே...” என்று ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் வாயைப் பிளந்து ஒரு கண்ணைப் பாதி மூடிக்கொள்வார்கள். திருமணக் குழுப்படத்திலேயே அப்படித்தான் நிற்கிறார்கள், புரோகிதர் நீங்கலாக.

இப்போது என்னிடமுள்ளது அருண் தேர்ந்து கொடுத்த, ஓசையே இல்லாத எட்டுத் துளைப் பெட்டி. காலித் துளைகளின்மீது வித்யா தன் கையாலேயே நாடா ஒட்டியிருக்கிறாள்.

அருண் அயல்நாட்டிலிருந்து ஊரோடு வந்துவிட்டார். சென்ற வாரம் ஆவடியில் அவர்களுடைய புதுவீட்டுப் பால்காய்ச்சலுக்குப் போயிருந்தோம். அவருடைய ஸ்விட்ச் அலமாரியின் மேல்தட்டில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால்தான் இருந்தது. நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பதினாறு.