ஒயின் பரீட்சையும் இல்லாத கல்யாணமும்

நாலு பேர் முன்னால் எனக்குத் துப்ப வராது. அதனால் வந்த வினைதான் இவ்வளவும். பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒருவர் தன் கையால் ஊற்றிக் கொடுத்ததை அவர் கண்ணெதிரே துப்பினால், அப்புறம் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இன்னொரு வழக்கமும் உண்டு. விருந்தாளி "போதுங்க" என்றால் இன்னும் இரண்டு கரண்டி போட வேண்டும் என்று அர்த்தம். நிஜமாகவே போதுமென்றால் இலை மேல் குப்புறப் படுத்துக்கொள்வதுதான் வழி.

அப்போது கோவையில் ஒரு பெரிய ஹோட்டலில் பரிமாறுகிற வேலை எனக்கு. ஒயின் படிப்பில் இரண்டாம் நிலைப் பரீட்சை தேறினால் ஒயின் பகுதிக்கே பொறுப்பாளர் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் தென்னந்தோப்புக்குத் திரும்பிக் கொப்பரை காயப்போட வேண்டியதுதான். அப்பா ஒரு வருடம்தான் கெடு கொடுத்திருந்தார். அந்த அப்பாவோ, ஊருக்குள் ஒயின் ஷாப் வரக்கூடாதென்று தாலுக்கா ஆபீஸ் வாசலில் பட்டினி கிடந்த மனுஷன். அவரிடம் "ஃபாரின் சமையல் கோர்ஸுங்கப்பா" என்று புளுகிவைத்திருந்தேன். (தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். சும்மா சொல்லவில்லை.)

மூன்று மாதம் ஃபோனிலேயே வகுப்பு. லீவு நாட்களில் ஊருக்கு வந்து, தோப்பு மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பிரெஞ்சு ஊர்ப் பெயர்களை உருப்போட்டேன். "ஏங்கண்ணு, மோட்டார ரிப்பேர் பண்றேன்னு போட்டு அதுகிட்ட என்னத்தடா பேசிட்டிருக்கறே?" என்று அம்மா ஜன்னல் வழியே கேட்பார்.

கடைசி நாள் மட்டும் நேரில் போக வேண்டும். காலையில் ஆறு ஒயின்களை ருசி பார்ப்பது, மதியம் பரீட்சை. பயத்தில் எனக்குப் பச்சைத்தண்ணீர்கூட இறங்கவில்லை. அதுவரை வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்தவனும் இல்லை.

பாடம் எடுத்த சாரதா மேடத்துக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். "வாயில உருட்டி ருசி பாத்துப்போட்டு, அந்த பக்கெட்டுல துப்பிப்போடுங்க" என்றார். எல்லாரும் லட்சணமாகத் துப்பினார்கள். எனக்கு ஊற்றிவிட்டு மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மகராசி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம். விழுங்கிவிட்டேன்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

"போதுங்க."

கோபிக்காரர் இல்லையா? அங்கேயும் அதே வழக்கம்தான். தாராளமாக ஊற்றினார். ஆறு ஒயினுக்கும் இதே கதைதான்.

பரீட்சையில் ஐம்பது கேள்வி. சரியான விடைக்கு நேரே உள்ள வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். பாழாய்ப்போன வட்டங்கள் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இடது கை விரலால் ஒவ்வொரு வட்டத்தையும் அமுக்கிப் பிடித்து நிரப்பினேன். மூன்று மாத உழைப்பும் போச்சே என்று அழுகை முட்டியது. தாளைக் கொடுத்தது வரைதான் நினைவிருக்கிறது. மறுநாள் ஹோட்டலில் எனக்குக் கொடுத்திருந்த அறையில் மண்டை பிளக்கிற வலியோடு எழுந்தேன்.

முடிவு வரச் சில வாரமாகும் என்றார்கள். நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்த நாள். லீவில் ஊரில் இருந்தேன். காலையில் தோப்பு கேட் முன்னால் ஒரு வேன் நின்றது. பட்டுப்புடவையில் சாரதா மேடம் இறங்கினார். பின்னால் கூடப் படித்தவர்கள் எட்டுப் பேர், கையில் பரிசுப் பொட்டலத்தோடு.

"ஏனுங்க, கல்யாண ஊடு இதுதானுங்களே? பந்தலையே காணமுங்க?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"யாருக்குக் கல்யாணமுங்க?"

"உங்க பையனுக்குத்தானுங்க! பரீட்ச முடிஞ்சதீம் டேபிள் டேபிளாப் போயிக் கும்புட்டு, ஆவணி மொத முகூர்த்தத்துக்குக் குடும்பத்தோட வந்தரோணும்னு கூப்புட்டாருங்களே. போர்டுல வழிகூட வரஞ்சு காட்டுனாருங்க."

எனக்கு அதில் ஒன்றுகூட நினைவில் இல்லை. மேடம் நிறுத்தவில்லை. "ஒயின் பரீட்சையிலயும் பாஸாயிட்டாருங்க. சர்டிபிகேட்டக் கையோட கொண்டாந்துட்டன்."

அப்பாவின் முகம் கறுத்தது. அத்தனை பேர் முன்னால் அறை விழப்போகிறது என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா வேட்டியை அவிழ்த்துக் கட்டினார்.

"வாங்க, வாங்க. மொதல்ல எல்லாரும் கை கழுவுங்க."

அம்மா அலறியடித்துக்கொண்டு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினார். ஒன்பது இலை போட்டு, அப்பாவே நெய் ஊற்றினார். "பொண்ணு எங்கீங்க?" என்று மேடம் கேட்டதற்கு, "பாத்துட்டு இருக்கறமுங்க" என்றார் அப்பா அசராமல்.

வேன் போன பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார்.

"குடிச்சியா?"

"அவங்க கையால ஊத்துனாங்கப்பா. மொகத்துக்கு நேராத் துப்ப மனசு வல்லீங்க."

நெய்க் கிண்ணத்தை எடுத்து மூடினார். "அதெப்படித் துப்பறது" என்றார் கடைசியில். "வேலைக்குப் போ. இனி ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா இந்த ஊட்டுப் படி ஏறாதே." அன்று முதல் பக்கெட்டும் கையுமாகத்தான் பொறுப்பாளர் வேலை பார்க்கிறேன்.

மூன்று வருடம் கழித்து எனக்கு நிஜமாகவே கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வைக்க அப்பாவும் நானும் கோபிக்குப் போனோம். தாம்பூலத் தட்டை மேடத்திடம் நீட்டி, அப்பா பணிவாகச் சொன்னார்:

"அவசியம் வந்தரோணுமுங்க. இந்தத் தடவ பொண்ணு இருக்குதுங்க."